தும்பிக்கைக் கரண்டி

தை 4, ஞாயிறு

உரக்கடைக்காரர் இந்த டைரியை இரண்டு கையாலும் நீட்டி, "உங்களை மாதிரிப் பெரிய மனுசங்க எழுதினாத்தானுங்க இதுக்கு மரியாதை" என்று கெஞ்சினார். கடைக்கு வந்த எல்லோருக்கும்தான் கொடுத்தார். ஆனால் மற்றவர்களிடம் கெஞ்சவில்லை. ஆகையால் எழுதத் தொடங்குகிறேன்.

நான், உடுமலை நாச்சிமுத்து, கல்லூரியில் பல வருடம் இருந்தவன். "காலேஜு வாசல்ல ஜூஸ் கடை போட்டிருந்ததையெல்லாம் படிப்புல சேர்க்காதீங்க மாமா" என்பாள் என் மனைவி தெய்வானை. உள்ளே நடக்கும் பாடம் வாசல் வரைக்கும் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியாது. இப்போது சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். என் மைக் இல்லாமல் இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் கல்யாணம் ஆனதில்லை. ஆகியிருந்தாலும் அது காதில் விழுந்திருக்காது.

டைரிக்குப் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி இன்று காலையிலேயே பொள்ளாச்சியிலிருந்து சுகந்தி போன்.

"அண்ணா, பாப்பாவுக்கு ஏழாவது மாசம் ஆச்சு. தை இருபத்தஞ்சு சோறூட்டு. ஆனைமலைப் பக்கம் எங்க மாமியார் ஊட்டுக் கோயில்ல. நீதான் மடியில வெச்சு மொத வாய் ஊட்டோணும்."

"நான் ஊட்டாம வேற யாரு ஊட்டுறது கண்ணு? பாப்பாவுக்கு வெள்ளியில செட்டே கொண்டாறேன் பாரு. தட்டுலருந்து கரண்டி வரைக்கும்."

"ஐயோ, அதெல்லாம் வேணாம். நீ வந்தாப் போதும்."

வந்தால் போதுமாம். நாச்சிமுத்து எங்கே வெறும் கையோடு போயிருக்கிறான்?

சுகந்தி என் சித்தப்பா மகள். கூடப் பிறந்த அண்ணன் ஜெகதீசன் மஸ்கட்டில் இருக்கிறான். அவள் கல்யாணத்துக்கும் வரவில்லை, வளைகாப்புக்கும் வரவில்லை. லீவு இல்லையாம். இரண்டு தடவையும் அண்ணன் இடத்தில் நின்று சீர் வரிசை வைத்தது நான். கல்யாணத்துக்குப் பத்து லாரியில் சீர் போனது. "ஒரு டெம்போ. அதுலயும் பாதி ஸ்பீக்கர் பொட்டி" என்று தெய்வானை குறுக்கே சொல்கிறாள். டைரி எழுதும்போது பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் அல்ல.

தை 7, புதன்

கோயம்புத்தூர் போய் வந்தேன். சாதாரண நகைக்கடைக்குப் போவேனா? டிசைனர் கடை. அகல்யா என்று ஒரு பெண், டிசைன் படிப்பதற்கென்றே தனியாக ஒரு காலேஜில் படித்துவிட்டு நடத்துகிறாள். கடையில் மொத்தமே ஆறேழு பொருள்தான். வியாபாரம் இல்லாமல் கஷ்டப்படுகிறாளோ என்று முதலில் பாவமாக இருந்தது. விலையைக் கேட்டதும் அந்தப் பாவம் போய்விட்டது.

யானை செட் ஒன்றைக் காட்டினாள். நீல வெல்வெட் பெட்டி. உள்ளே ஐந்து குழி. தட்டு, கிண்ணம், டம்ளர், பெரியவர்கள் ஊட்டிவிட ஒரு நீளக் கரண்டி, குழந்தை தானே பிடித்துச் சாப்பிட ஒரு குட்டிக் கரண்டி. அந்தக் குட்டிக் கரண்டியின் பிடியே யானைத் தும்பிக்கை. வளைந்து, சுருண்டு, பார்த்தால் இப்போதே ஆசீர்வாதம் பண்ணிவிடும் போல இருக்கிறது.

"இந்த டிசைன்ல பதினஞ்சு செட்தான் சார் செய்வேன். ஒவ்வொண்ணுக்கும் அடியில நம்பர் இருக்கும். அதுக்கப்புறம் அச்சை உடைச்சிடுவேன்."

"ஏம்மிணி, நல்லா இருக்கற அச்சை எதுக்கு உடைக்கோணும்?"

"அப்பதான் சார் கலெக்டிபிள். பேரன் பேத்தி காலம் வரைக்கும் பத்திரமா வெச்சிருப்பாங்க. மதிப்பும் ஏறிக்கிட்டே போகும்."

எனக்குத் தெரியாததா? எங்கள் குடும்பமே வெள்ளித் தட்டில் சாப்பிட்ட குடும்பம், பஞ்சத்தில் ஆற்றில் போய்விட்டது என்றேன். "பஞ்சத்துல ஆத்துல தண்ணி ஏது சார்?" என்றாள். கெட்டிக்காரப் பெண். முன்னேறிவிடுவாள்.

வாசல் வரை வந்து ஒரு எச்சரிக்கையும் சொன்னாள். "பேரு கீரு வெட்டிடாதீங்க சார். வெட்டினா கலெக்டிபிள் மதிப்பு போயிடும்."

பெயர் வெட்டாத பாத்திரத்தை நான் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. கோயிலுக்கு நான் கொடுத்த டியூப்லைட்டில்கூட வெளிச்சம் வர ஓரமாக இடம் விட்டுத்தான் என் பெயரை எழுதியிருக்கிறேன். ஆனாலும் சின்னப் பெண் மனசு நோகக் கூடாதே என்று தலையாட்டி வைத்தேன்.

பஸ்ஸில் வரும்போது மோதிர விரல் லேசாக இருந்தது. கொஞ்ச நாளாகவே அந்த மோதிரம் அரித்துக்கொண்டிருந்தது. கழற்றியதில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது.

"மோதரம் எங்கீங்க மாமா?" என்றாள் தெய்வானை, செருப்பைக் கழற்றுவதற்குள்.

"டாக்டர் கழட்டச் சொன்னாரு."

"எந்த டாக்டரு?"

"கோயமுத்தூர் டாக்டரு."

பெட்டியைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "யானை நல்லாருக்குது" என்றாள். அதற்குமேல் மோதிரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

தை 9, வெள்ளி

வெளிநாட்டில் கார் விற்பதற்கு முன் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதே முறையில் குட்டிக் கரண்டியில் நானே தயிர்சாதம் சாப்பிட்டுப் பார்த்தேன். ஒரு தட்டு முடிக்க வெகு நேரம் ஆயிற்று. மூன்றாவது வாயில் உதடு கீறிவிட்டது. விளிம்பில் ஒரு பொடி முனை.

எனக்கே கீறினால் பாப்பாவின் உதடு என்னாவது? அது ரோஜாப்பூ இதழ். டிசைனரிடம் கொண்டுபோனால் நாளாகும் என்று, மைக் பின் தேய்க்கிற உப்புத்தாளால் நானே தேய்த்துவிட்டேன். முனை போய்விட்டது. பளபளப்பும் கொஞ்சம் போய்விட்டது. மழமழப்பாக இருக்கிறதா என்று கடித்துப் பார்த்ததில் லேசாக நெளிந்தும் இருக்கிறது. ஆனால் இப்போது கண்ணை மூடிக்கொண்டு யார் வாயிலும் வைக்கலாம்.

"கொழந்தைக்கு வாங்கின கரண்டியைக் கெழவன் கடிச்சு வெச்சிருக்குது" என்றாள் தெய்வானை. ஐம்பத்தொன்பது எல்லாம் ஒரு வயதா?

தை 11, ஞாயிறு

சுகந்தி போன். குரலே சரியில்லை.

"அண்ணா... ஜெகாண்ணன் வருது. தை பதினெட்டு."

"அட! நெசமாலுமா? இத்தனை வருசத்துக்குப் பொறவு!"

"ம். பாப்பாவுக்கு வெள்ளி செட் கொண்டாறேன்னு சொல்லுச்சு. அந்த ஊர் டிசைனர் பண்ணதாம். எங்க அத்தை ரோட்டுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிட்டிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கூடப் பொறந்தவன் இருக்கறப்ப ஒண்ணுவிட்ட அண்ணன் மடியில எதுக்குன்னு அத்தை கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்றது?"

"இதுல சொல்றதுக்கு என்ன கண்ணு இருக்குது? அவன் மடியிலதான் வெக்கோணும். அதுதான் மொறை. நான் எச்சா ஒரு ஸ்பீக்கர் கொண்டாந்து ஊரையே அதிர உட்டர்றேன்."

"அண்ணா, உனக்கு வருத்தமில்லையே?"

வருத்தமா? உண்மையில் எனக்கு முழங்கால் வலி. கீழே சம்மணம் போட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூர் டாக்டர்.

தை 12, திங்கள்

வேலை இல்லை. குட்டிக் கரண்டியில் தயிர்சாதம்.

தை 14, புதன்

யோசித்ததில் ஒரு வழி பிறந்தது. என் செட்டையும் இரண்டாவது சீராக வைத்துவிட வேண்டியதுதான். ஆனால் ஒரே சபையில் இரண்டு வெள்ளி செட் இருந்தால் எது யாருடையது என்று குழப்பம் வரும். பாப்பா பெரியவளாகிக் கேட்டால் யார் சொல்லுவார்கள்? ஆகையால் பெயர் வெட்டியே ஆக வேண்டும். டிசைனர் அகல்யா மன்னிக்கட்டும்.

கடைவீதியில் பாத்திரக்கடை வாசலில் மெஷினோடு உட்கார்ந்து பெயர் வெட்டுகிற கதிரேசனிடம் போனேன். நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: உடுமலை சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர், சமூக சேவகர், ஒலி வேந்தர், தாய்மாமன் எஸ்.கே. நாச்சிமுத்து அன்பளிப்பு.

கதிரேசன் கரண்டியைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். "ஏனுங்ணா, கரண்டிக்குப் பேரு வெட்டறீங்களா, இல்ல பேருக்குத்தான் கரண்டி வாங்குனீங்களா?"

"கிண்ணத்துல ஆரம்பிச்சு தட்டுல முடி. நடுவுல டம்ளர் இருக்குது."

"தட்டு காணாமப் போனா ஒலி வேந்தரோட நின்னுபோகுமுங்களே?"

மாதிரிக்கு முதலில் குட்டிக் கரண்டியில் வெட்டிக் காட்டச் சொன்னேன். ஏற்கெனவே நெளிந்ததுதானே. தும்பிக்கை முடியும் இடத்தில் "நாச்சி" வரைக்கும்தான் இடம் இருந்தது. அதற்குள் கரண்ட் போய்விட்டது. மற்றதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

"நாச்சி" என்று மட்டும் பார்க்கும்போது, சுகந்தி பேசப் பழகின புதிதில் கூப்பிட்டது ஞாபகம் வந்தது. முழுப் பெயரும் அவள் வாயில் வராது. சும்மா எழுதி வைக்கிறேன்.

தை 18, ஞாயிறு

ஜெகதீசனைக் கூட்டி வர விமான நிலையத்துக்கு சவுண்ட் சர்வீஸ் டெம்போவிலேயே போனேன். அத்தனை கார் நடுவில் என் வண்டிதான் தனியாகத் தெரிந்தது. போலீஸ்காரரே வந்து விசாரித்தார்.

பயல் இளைத்துவிட்டான். முன்தலையில் முடி இல்லை. கையில் ஒரே ஒரு பை.

"பொட்டியெல்லாம் பின்னால வருதாடா?"

"இவ்வளவுதாண்ணா."

பொள்ளாச்சி ரோட்டில் டீக்கடை ஒன்றில் நிறுத்தினேன். டீயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கம்பெனியை மூடிட்டாங்கண்ணா. போன சித்திரையிலயே. அங்க இங்கன்னு கெடைச்ச வேலையைப் பார்த்துட்டிருந்தேன். டிக்கெட்டே ஒரு கூட்டாளி எடுத்துக் குடுத்ததுதான். சுகந்தி போன் பண்ணி பாப்பா சோறூட்டுன்னு அத்தனை சந்தோசமாச் சொன்னா. என்ன கொண்டாறேன்னு அவ கேக்கவே இல்ல. நானாத்தான் வெள்ளி செட்டுன்னு சொல்லிட்டேன். வாய்ல வந்துருச்சு."

வாயில் வந்துவிடும். எனக்குத் தெரியாதா அது.

"அவ மாமியா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்குதாமே. வெறுங்கையோட போய் அவ மானத்தையும் வாங்கோணுமா? நான் கோயிலுக்கு வரலண்ணா. திருப்பூர்ல எறக்கி உடுங்க, ஏதாச்சும் பனியன் கம்பெனியில சேர்ந்துக்கறேன். லீவு கெடைக்கலன்னு சொல்லிருங்க அவகிட்ட."

மறுபடியும் லீவு கிடைக்கவில்லை. அதைச் சுகந்தியிடம் நான் போய்ச் சொல்ல வேண்டுமாம். கல்யாணத்தன்று தாலி ஏறுகிற நேரத்தில்கூட அவள் வாசலை எட்டிப் பார்த்ததை இவன் பார்க்கவில்லை. மேடையில் மைக்கோடு நின்ற எனக்குத்தான் தெரிந்தது.

"என்னடா உளர்றே? நீ அனுப்புன பார்சல் போன வாரமே வந்துருச்சே" என்றேன்.

"எந்தப் பார்சல்?"

"வெள்ளி செட்டு. நீல டப்பா. யானை போட்டது. என்ற ஊட்டு அட்ரசுக்குத்தானே போட்டிருந்தே?"

"நான் ஒண்ணும் அனுப்பலீங்களே அண்ணா!"

"அனுப்பினே. மறந்துட்டே. அந்த ஊரு வெயிலு அப்படி."

என்னையே பார்த்தான். டீக்கடை அடுப்புப் புகை நேராக அவன் கண்ணில் போய்ப் பட்டுவிட்டது. எனக்கும் கொஞ்சம் பட்டது. அந்தக் கடைக்காரனுக்கு அடுப்பு வைக்கத் தெரியவில்லை.

தை 20, செவ்வாய்

கதிரேசன் மிகவும் அடம் பிடித்தான். கிண்ணத்தில் என் முழுப் பெயர் கொள்ளவே கொள்ளாது, சின்னப் பெயராக இருந்தால்தான் அழகாக வரும் என்று ஒற்றைக்காலில் நின்றான். தொழில் தெரிந்தவன் சொன்னால் கேட்க வேண்டும். கைவசம் ஒரு சின்னப் பெயர் இருந்தது. "தாய்மாமன் ஜெகதீசன்" என்று வெட்டினான். புள்ளிப் புள்ளியாக நன்றாகத்தான் வந்திருக்கிறது.

"போன வாரம் வேந்தரு, இந்த வாரம் வேற ஆளுங்களா?" என்றான்.

"நீ வெட்டு."

குட்டிக் கரண்டியில் வேறு பெயர் இருப்பதால் அதை எடுத்துவிட்டேன். பெட்டியில் ஒரு குழி காலி. சும்மா கிடந்தால் யாராவது கேட்பார்கள். ஒரு பெரிய கற்கண்டு வைத்ததில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கிண்ணத்திலும் கற்கண்டு போட்டேன். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது அல்லவா.

தெய்வானை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "மோதரம் போச்சு, மடி போச்சு, இப்பப் பேரும் போச்சா?" என்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கோபம் இல்லை. ராத்திரிக்கு நான் கேட்காமலே பணியாரம் சுட்டாள்.

தை 22, வியாழன்

சோறூட்டு வரைக்கும் ஜெகா எங்கள் வீட்டில்தான். அவனுக்குக் குழந்தையைத் தூக்கிப் பழக்கமே இல்லை. பூசணிக்காய் ஒன்றை மடியில் வைத்துப் பயிற்சி கொடுத்தேன். "தலையைத் தாங்குடா! கழுத்து நிக்கற வயசுதான், ஆனாலும் தாங்கு!" என்றால், "இதுல தலை எதுங்ணா?" என்கிறான். பாப்பாவுக்கு இடது பக்கம் சாய்ந்தால்தான் பிடிக்கும், கன்னத்தில் ஊதினால் சிரிப்பாள், மூக்குக் கண்ணாடி போட்டவர்களைக் கண்டால் பிடுங்குவாள், எல்லாம் சொல்லிக் கொடுத்தேன்.

"உங்களுக்கு இத்தனையும் எப்படித் தெரியும்?"

"நான் குழந்தை மனோதத்துவம் படிச்சவன்டா."

"வாரத்துல ரெண்டு நாள் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறுனா எல்லார்த்துக்கும் தெரியும்" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

தை 25, ஞாயிறு

கை வலிக்கிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும்.

விடியும்போதே போய் மைக் கட்டிவிட்டேன். ஜெகா வேட்டி சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். அவனைக் கண்டதும் சுகந்தி ஓடி வந்து அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் மறுபடியும் சரி செய்தாள். என் கணக்குக்கு அதோடு நான் வந்த வேலை முடிந்துவிட்டது.

சபையில் பெட்டி திறந்தது. பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். சுகந்தியின் மாமியார் ருக்மணி அம்மாள் கிண்ணத்தைத் தூக்கித் திருப்பினார்.

"ஏனுங்க தம்பி, அந்த ஊர்லயுமா தமிழ்ல பேரு வெட்டறாங்க?"

ஜெகா வேட்டி நுனியைத் திருக ஆரம்பித்தான். நான் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்தே சொன்னேன்: "அங்க கடை வெச்சிருக்கறதே நம்மாளுங்கதானுங்க. மெஷினே உடுமலையிலருந்துதான் போகுது."

"அதானே பார்த்தேன்" என்றார் அம்மாள், திருப்தியாக.

மைக்கை எடுத்தேன். "தாய்மாமன் ஜெகதீசன் அவர்கள் சீராக வெள்ளிப் பாத்திர செட் ஒன்று" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒயர் சூடாகக் கூடாது என்பதால் அதிகம் பேசவில்லை.

பாப்பாவை ஜெகா மடியில் வைத்தார்கள். இடது பக்கம்தான் சாய்த்தான். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே கன்னத்தில் ஊதினான். பாப்பா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஓவென்று ஒரு சத்தம் வைத்தாள். என் ஸ்பீக்கர் தோற்றது. நீளக் கரண்டியில் நெய்ச்சோறு. பாப்பா வாயைப் பூட்டிக்கொண்டாள். சுகந்தி கெஞ்சினாள், அவள் வீட்டுக்காரர் கிலுகிலுப்பை ஆட்டினார், ருக்மணி அம்மாள் ஒரு பாட்டுகூடப் பாடினார். பூட்டு திறக்கவில்லை. ஜெகாவின் கரண்டியிலிருந்து சோறு வேட்டியில் விழுந்தது. "ஆளு புதுசல்ல, அதான்" என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் அவன் முகத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

அவன் எழுந்து ஓடிவிடுவானோ என்று பயமாகப் போயிற்று. மைக்கோடு பக்கத்தில் போய்க் குனிந்து, "பூசணிக்காயை நெனச்சுக்கோடா" என்று காதில் சொன்னேன். அவ்வளவுதான் செய்தேன். குனிந்தது என் தப்பு.

பாப்பா அழுகையை நிறுத்தினாள். கையை நீட்டி என் சட்டைப் பையிலிருந்து ஒன்றை உருவினாள். நேராக வாயில் வைத்தாள்.

குட்டிக் கரண்டி.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆகும் என்று பையில் வைத்திருந்தேன். அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.

தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு பாப்பா கரண்டியைக் கடித்துச் சப்பிச் சிரிக்கிறாள். சபை மொத்தமும் சிரிக்கிறது. சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகக் கரண்டியை வாங்கிப் பார்த்தாள். பெட்டியிலிருந்த கற்கண்டை எடுத்துவிட்டு அந்தக் குழியில் வைத்துப் பார்த்தாள். அச்சாக உட்கார்ந்தது.

"இதுவும் அந்த செட்டுதான்! ஆனா இதுல 'நாச்சி'ன்னு போட்டிருக்குதே?" என்றார் ருக்மணி அம்மாள். கண்ணாடியே போடாமல் படித்துவிட்டார்.

ஜெகா என்னைப் பார்த்தான். சுகந்தியைப் பார்த்தான். "சுகந்தி, இந்த செட்டு வந்து..." என்று ஆரம்பித்துவிட்டான். உண்மையைச் சொல்லப் போகிறான், மடையன்! மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன்.

"சபையோருக்கு ஒரு முக்கியமான அறிவிப்பு! மஸ்கட் ஜெகதீசன் அவர்கள், தான் ஊரில் இல்லாத காலத்தில் அண்ணன் இடத்தில் நின்ற இந்த நாச்சிமுத்துவைக் கௌரவிக்கும் பொருட்டு, ஒரு கரண்டியில் மட்டும் என் பெயரைப் பொறிக்கச் சொல்லியிருந்தார்! தன்னடக்கம் காரணமாக அதை நான் பையில் மறைத்து வைத்திருந்தேன்! அந்த நாட்டு மந்திரி ஒருவரே இந்த யானையைப் பார்த்துவிட்டு..."

மந்திரி தேவையில்லைதான். வாயில் வந்துவிட்டது.

"நல்ல மனசு தம்பி உங்களுக்கு" என்று ருக்மணி அம்மாள் ஜெகாவைப் பார்த்துச் சொன்னார். "அப்பறம் என்ன? கூடப் பொறந்தவரே ஆசைப்பட்டுக் குடுத்திருக்காரு. அந்தக் கரண்டியில பேரு இருக்கறவரே ஊட்டட்டும். மடி இவருது, கை அவருது."

மைக்கை அணைத்துக் கீழே வைத்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. சுகந்தி குட்டிக் கரண்டியில் சோறு எடுத்து என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது என் மோதிர விரலைப் பார்த்தாள். காதருகே குனிந்தாள்.

"கையில மைக் இருந்தும், மொதல்ல சீர் சொல்றப்ப உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம வெச்சுட்டியே. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணா."

"ஒயரு சூடாயிருச்சு கண்ணு."

"ம். பேசாம ஊட்டு."

மைக்கை அணைத்த பிறகுதான் இதைச் சொன்னாள். என் தொழிலின் அருமை அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஊட்டினேன். பூட்டு திறந்தது. பாப்பா ஜெகா மடியில், என் கையால் முதல் வாய். இரண்டாவது வாய் ஜெகாவை ஊட்டச் சொல்லி அதே கரண்டியைக் கொடுத்தேன். அதையும் வாங்கிக்கொண்டாள், மகராசி. மூன்றாவது வாய்க்கு அவளே கரண்டியைப் பிடுங்கி ஜெகாவின் மூக்கில் ஊட்டினாள்.

தை 27, செவ்வாய்

ஜெகா பட்டறையில் உட்கார்ந்து, நான் காயலான் கடைக்குப் போட வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரைப் பாட வைத்துவிட்டான். வண்டியில் "மஸ்கட் இன்ஜினியர் மேற்பார்வையில்" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்கிறான். பெயிண்டருக்குச் சொல்லியாகிவிட்டது.

சுகந்தியிடம் எல்லாவற்றையும் அவனே சொல்லிவிட்டானாம். "உனக்கு முன்னாலயே எனக்குத் தெரியும், சாப்பிட வா" என்றாளாம்.

தெய்வானை தன் மோதிரத்தைக் கழற்றி என் விரலில் போட்டுப் பார்த்தாள். சுண்டுவிரலுக்குத்தான் போயிற்று. இப்போது பெரிய ஆட்கள் எல்லோரும் சுண்டுவிரலில்தான் போடுகிறார்கள்.

மாலையில் டிசைனர் அகல்யா போன். வாங்கியவர்கள் எல்லோரிடமும் விசாரிப்பாளாம்.

"செட் பத்திரமா இருக்கா சார்? யாரும் பேரு வெட்டலையே?"

"ரெண்டு பேரு வெட்டியிருக்குதும்மிணி."

"ஐயோ சார்!"

"குட்டிக் கரண்டியை உப்புத்தாளு போட்டுத் தேச்சது. நான் ஒருக்கா கடிச்சிருக்கறேன். பாப்பாவுக்குக் கீழ ரெண்டு பல்லு வந்திருக்குது, அது ரெண்டும் அச்சா பதிஞ்சிருக்குது."

அந்தப் பக்கம் பேனா கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"உங்க கணக்குல பதினஞ்சு செட்டு. ஆனா இப்படி ஒரு செட்டு உலகத்துலயே இது ஒண்ணுதானே?" என்றேன். "இதுக்கு அச்சை உடைக்க வேண்டிய வேலையும் இல்லை பாருங்க. பாப்பாவுக்கு ஆறு வயசானா அந்தப் பல்லு தானா உழுந்துரும்."